பெண்டிங்கே நல்லாருந்துச்சு

நிலக்கோட்டையிலிருந்து திண்டுக்கல் போகும் பேருந்தில் எனக்கு முன்சீட்டில் இரண்டு பெண்கள். ஜன்னலோரம் இருந்தவள் திடீரென்று சொன்னாள்: "பெண்டிங்கே நல்லாருந்துச்சு மதினி."

"என்ன பெண்டிங்கு?"

"எங்க வீட்டுக்காரரு கழுத்துக் கட்டியில சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்புனாங்கல்ல. ரிசல்ட்டு இன்னும் வரலைங்கறதுக்குப் பத்து நாளா லேப்புல அந்த வார்த்தையத்தான் சொன்னாங்க. இவுக அது ஏதோ நோவுக்குப் பேருன்னு நெனச்சுக்கிட்டு, கேக்குறவுககிட்டயெல்லாம் 'எனக்கு வெறும் பெண்டிங்தான், பயமில்ல'ன்னு சிரிக்கிறாக."

"நீ வெவரத்தச் சொல்ல வேண்டியதான?"

"அதுக்கப்புறந்தான் நல்லாத் தூங்குறாக. எப்படிச் சொல்ல?"

"அப்ப இன்னைக்கு என்னாத்துக்கு என்னயக் கூட்டிட்டுப் போற?"

"காலையில 'ரிப்போர்ட் ரெடி'ன்னு மெசேஜ் வந்துருச்சு. இவுக தோட்டத்துல மல்லி பறிச்சுக்கிட்டு இருந்தாக. சொல்லாமத்தான் வந்திருக்கேன்."

அதன்பிறகு திண்டுக்கல் வரும்வரை லேப் ரசீதைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாகவே இருந்தாள். பேருந்து நிலையத்தில் அவளைத் தவிர எல்லோரும் எழுந்துவிட்டோம். கூட வந்தவள் அவள் கையைப் பிடித்து இழுத்தாள்.

"செத்த நேரம் இருங்க மதினி. நான் இந்த சீட்டுல உக்காந்திருக்கிற வரைக்கும் அவுகளுக்குப் பெண்டிங்தான்."