அணைத்த டிவியில் தெரிவது

திருப்பாதிரிப்புலியூர் கடைகளில் டிவி பார்த்துவிட்டு, எதையும் வாங்காமல் சிதம்பரம் பஸ் ஏறிய கணவனும் மனைவியும் எனக்கு முன் சீட்டில் இருந்தார்கள்.

"எல்சிடியே எடுத்துடலாம். படம் பளிச்சுன்னு இருக்கு" என்றார் அவர்.

"அணைச்சா ஒண்ணும் தெரியலியே" என்றாள் அவள்.

"அணைச்ச டிவில என்னா பாக்கப்போற?"

"வாசலத்தான். தையல் மெஷின்ல வாசலுக்கு முதுகு காட்டித்தானே உக்காந்திருக்கேன்? நீங்க வர்றத நம்ம பழைய டிவி கண்ணாடியிலதான் பாப்பேன்."

பஸ் ஆலப்பாக்கத்தைத் தாண்டியது.

"அதுல நான் எப்படித் தெரிவேன்?"

"செருப்பு கழட்டும்போது சுண்டுவிரல் அளவு. கிட்ட வர வரப் பெருசாவீங்க."

"அப்ப பழைய மாடலே எடுக்கலாம். நாளைக்குக் கடையில டிவிய அணைக்கச் சொல்லு. நான் வாசல்லேருந்து நடந்து வரேன், பாத்து எடுத்துக்க."