பெட்டி காட்டிய வீடு

மாலை ஆறே முக்கால். இரண்டாயிரத்து எட்டு, ஐப்பசி மாதத்து வியாழக்கிழமை. கண்டியிலிருந்து அம்பிட்டியப் பக்கம் ஏறும் வீதியில் இடது கைப்புறம் ஒரு ஒழுங்கை பிரிகிறது. தார் இல்லை. விளக்கு இல்லை. ஒரு வான் நுழைந்தால் எதிரே சைக்கிள்கூட வர இடமில்லை... அந்த நேரத்தில் வருகிறவரும் இல்லை.

அன்றைக்கு ஒரு வான் அதற்குள் நுழைந்தது. ஓட்டியவர் பாலேந்திரன். பக்கத்தில் அவர் மனைவி கமலாசனி. இந்தக் கதையை எனக்குச் சொன்ன, மாலை வகுப்பில் என்னோடு படித்த விவேகானந்தனின் கூடப்பிறந்த அக்கா. கைப்பையை மடியில் வைத்து இறுக்கிப் பிடித்திருந்தாள். பயத்தில் அல்ல. புருஷனின் இரண்டாவது வீட்டைப் பார்க்கப் போகிறவளுக்குப் பயம் எங்கிருந்து வரும்?

அந்த இரண்டாவது வீடு எப்படி முளைத்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

பாலேந்திரன் வாகன உதிரிப்பாகக் கடையில் வேலை செய்தார். கடை முதலாளி மஹ்மூத் ஒருநாள் சிகரெட் பெட்டியைவிடச் சற்றுப் பெரிய கறுப்புப் பெட்டி ஒன்றை அவர் கையில் வைத்தார். வானத்துச் செய்மதிகளைப் பிடித்து, வண்டி எங்கே நிற்கிறது, எந்தப் பக்கம் திரும்பவேண்டும் என்று சொல்லும் பெட்டி. அந்த வகையில் ஆக மலிவானது.

“ரெண்டு கிழமை கடை வான்ல வச்சு ஓட்டிப் பாருங்க தம்பி. நல்லது கெட்டது எல்லாம் எழுதித் தாங்க. சரியெண்டா நூறு எடுப்போம். வான்காரனுக்கு விக்கலாம்.”

பாலேந்திரன் எதையும் ஒழுங்காகச் செய்கிறவர். கொப்பியில் கோடு போட்டு எழுதினார். செய்மதி பிடிக்க நாலு நிமிடம். ஹந்தானை மலை மறைத்தால் பிடிக்கவே மாட்டாது. மின்கலம் முக்கால் மணித்தியாலம். கண்ணாடியில் ஒட்டும் ரப்பர் கிண்ணம் மஹியாவ வளைவில் இரண்டு தரம் கழன்று விழுந்தது. தெரியாத பாதை வந்தால் வெறும் அம்புக்குறி மட்டும். பெட்டி பேசியது இங்கிலீஷ். ஒரு பெண் குரல். அவசரமே இல்லாத குரல்...

கமலாசனியைப் பற்றி விவேகானந்தனே சொல்வான். பல் டொக்டர் பெண்ணாக இருந்தால், வலியோடு இருங்கள் என்று புருஷனை வீட்டிலேயே வைத்துக்கொள்ளும் ஆள். அவளிடம் போய் பாலேந்திரன், “இண்டைக்கு அவள் பேராதனைப் பாலத்தையே தெரியாதெண்டிட்டாள்” என்றாராம்.

“அவளோ?”

“பெட்டியப்பா.”

“பெட்டியெண்டால் ‘அது’ எண்டு சொல்லுங்கோ. தெரியாதெண்டவள் ஆரெண்டு எனக்கும் தெரியத்தானே வேணும்.”

சிரிப்பாகத்தான் போனது. ஆனால் மூன்றாம் நாளிலிருந்து பாலேந்திரன் இரவில் சாப்பிடவில்லை. பசிக்கவில்லை என்றார். ஐந்தாம் நாளும் அப்படியே. கமலாசனி தேங்காய்ப்பால் விட்டுச் சொதி வைத்தாள், மீன் பொரித்தாள்... சோற்றுக் கோப்பையைத் தள்ளிவிட்டு எழுந்தார். ஏழாம் நாள் அவர் நித்திரையானதும் வலது கையைத் தூக்கி மணந்து பார்த்தாள்.

கறி வாசம். மாசிச் சம்பல் வாசம். கடையில் வாங்கிச் சாப்பிட்ட கை அல்ல. யாரோ அடுப்படியில் நின்று ஆக்கி, பக்கத்தில் நின்று பரிமாறிய சாப்பாடு. அவளுக்கா தெரியாது?

அடுத்த நாள் அவர் குளிக்கும்போது வானுக்குள் ஏறிப் பெட்டியை எடுத்தாள். வீட்டுப் படம் போட்ட ஒரு இடம் திரையில் இருந்தது. சாரதி தன் வீட்டை அதில் பதிந்து வைத்தால், எங்கே நின்றாலும் அங்கே கூட்டி வரும். தொட்டாள். வான் நின்றது அவர்களுடைய சொந்த வீட்டு வாசல் படலைக்கு முன்னால். பெட்டி காட்டியதோ, வீட்டுக்கு இன்னும் ஐந்து கிலோமீற்றர். (ஆறு என்றும் ஒருதரம் சொன்னாள். ஐந்தென்றே வைத்துக்கொள்வோம்.)

“இதென்ன வீடு?” என்று துவாயோடு வந்தவரைக் கேட்டாள்.

பாலேந்திரன் சொன்ன காரணம் நியாயமானதுதான். “நீர் யோசிச்சுப் பாரும். ஒரு தமிழன்ர வானுக்குள்ள இப்பிடியொரு சாமான். செக் பொயின்ற்றில பிடிச்சு, வீடெண்டு அமத்திப் பாத்தா நேர எங்கட படலைக்கு வந்து நிப்பாங்கள். அதுதான் ஒருத்தரும் இல்லாத வீட்டைப் போட்டனான்.”

அது எண்பத்து மூன்றுக் கலவரத்தில் எரிந்த வீடு. ஒரு கணவனும் மனைவியும் இருந்தார்கள். ஆடி மாதம் அவன் கந்தோருக்கு வேலைக்குப் போனான், திரும்பவில்லை. அவள் சமைத்து வைத்துக் காத்திருந்தாளாம்... அன்றிரவு வீடு எரிந்தது. பிறகு அவளைக் கண்டவரும் இல்லை.

“நான் கண்டதெல்லாம் படலை மட்டும்தான்” என்றார். “ஒவ்வொரு நாளும் வேலை முடிய வெவ்வேற இடத்தில இருந்து ‘வீடு’ எண்டு அமத்திக்கொண்டு போறன். எவ்வளவு நேரத்தில கொண்டுபோகுதெண்டு பாக்கவேணுமே. போய் நிப்பாட்டி, கொப்பியில எழுதிப்போட்டு வாறன்.”

“அங்க என்ன சாப்பிட்டனீங்கள்?”

“நான் ஏன் அங்க சாப்பிடுறன்?”

பொய் சொல்லும் முகம் இல்லை. அதுதான் அவளுக்கு இன்னும் பத்தியது. இவ்வளவு அழகாகப் பொய் சொல்லப் பழக்கியவள் யார்?

“வாங்கோ. எனக்கும் காட்டுங்கோ.”

அப்படித்தான் அந்த வியாழக்கிழமை இரண்டு பேரும் போனார்கள். ஒழுங்கைக்குள் பனி இறங்கியிருந்தது. ஹந்தானையில் திணறுகிற பெட்டி அங்கே ஒரு விநாடிகூடத் தயங்கவில்லை. இடது... மறுபடி இடது... நூறு மீற்றரில் வீடு. அந்தக் குரல் இப்போது அவ்வளவு ஆறுதலாக இல்லை என்று கமலாசனிக்குப் பட்டது. கொஞ்சம் அவசரம் இருந்தது.

வான் நின்றது. இரண்டு தூண், நடுவே துருப்பிடித்த படலை. உள்ளே கரிச்சுவர். கூரை இல்லை. கூரை இருந்த இடத்தில் ஒரு மரம் கிளை விரித்திருந்தது. பொய்யில்லை, வீடு வெறும் வீடுதான்... அவளுக்கு வெட்கமாகிவிட்டது. போவோம் என்று சொல்லத் திரும்பினாள்.

பாலேந்திரன் இறங்கிவிட்டார்.

படலையின் கொக்கி உள்பக்கம், கீழே இருந்தது. அவர் குனிந்து பார்க்கவில்லை. கையை உள்ளே விட்டார், எடுத்தார், திறந்தார். படியில் சப்பாத்தைக் கழற்றினார். ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக வைத்தார். சொந்த வீட்டில் பன்னிரண்டு வருடமாக அவள் சொல்லியும் செய்யாத வேலை.

அப்போதுதான் சத்தம் கேட்டது. சட்டிக்குள் அகப்பை சுரண்டுகிற சத்தம். செத்தல் மிளகாய் தாளிக்கிற வாசம் பனியைக் கிழித்துக்கொண்டு வந்தது... பிறகு ஒரு பெண் குரல். பேய்க்குரல் இல்லை. அலுத்துப்போன, சாதாரண வீட்டுக் குரல்.

“ஏன் இண்டைக்குச் சுணக்கம்?”

பாலேந்திரன் தலையைச் சற்றுத் தாழ்த்தினார், பிந்தி வந்த புருஷன்மார் தாழ்த்துவதுபோல.

“வானுக்குள்ள ஆர்?”

வேறு யாராக இருந்தாலும் மயங்கி விழுந்திருப்பார்கள். கமலாசனி இறங்கினாள். உடம்பெல்லாம் பற்றி எரிந்தது என்று தம்பியிடம் சொல்லியிருக்கிறாள். செத்தவளோ உயிரோடு இருப்பவளோ, அது பிறகு. என் மனுசனைச் சுணக்கம் என்று கேட்க இவள் யார்?

“நான் அவற்ற பெண்சாதி” என்றாள் இருட்டைப் பார்த்து. “நீர் ஆர்?”

சுரண்டல் நின்றது. மரத்திலிருந்து தண்ணீர் சொட்டியது. பிறகு அந்தக் குரல், வீட்டுக்கு வந்தவர்களோடு பேசும் மரியாதையோடு,

“அப்பிடியே? சரி, வந்தனீர்தானே. இருந்து ஒரு வாய் சாப்பிட்டிட்டுப் போம்” என்றது.

கமலாசனி புருஷனின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். பொத்தான் தெறித்தது. அவர் மறுக்கவும் இல்லை, உதவவும் இல்லை. மூட்டையைத் தள்ளுவதுபோலத் தள்ளி வானில் ஏற்றினாள். வெறுங்காலோடு அவர் வண்டியைப் பின்னால் எடுத்தார். சப்பாத்து அங்கேயே. திரும்பும் வழியில் பெட்டி வாயே திறக்கவில்லை.

மறுநாள் பெட்டி கடைக்குப் போனது. கொப்பியின் கடைசிப் பக்கத்தில், “சாரதிகளுக்குச் சிபாரிசு செய்ய முடியாது” என்று ஒரே வரி. மஹ்மூத் முதலாளி காரணம் கேட்டார். பாலேந்திரன் பெட்டியை மேசையில் வைத்துவிட்டு வேலைக்குத் திரும்பினார். நூறு பெட்டியும் வரவில்லை.

அதன் பிறகு பாலேந்திரன் ஒழுங்காக ஆறரைக்கு வீட்டுக்கு வந்தார். நன்றாகச் சாப்பிட்டார். இரண்டாம் தரம் சோறு கேட்டார். முன்பு தொடாத பாகற்காயையும் சாப்பிட்டார். கமலாசனிக்குச் சந்தோஷம் தாளவில்லை. வென்றுவிட்டேன் என்று விவேகானந்தனிடம் சொன்னாள். பேயிடமிருந்தே மீட்டுக்கொண்டு வந்தவள் அவள். ஒன்பது நாள் அந்தச் சந்தோஷம்.

பத்தாம் நாள், சனிக்கிழமை இரவு ஏழு மணி. பாலேந்திரன் அடுப்படியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வாசலில் ஒரு பொலிஸ் கொஸ்தாப்பல். மாத்தறையிலிருந்து இடம் மாறி வந்து இரண்டு கிழமை ஆன இளம் ஆள். அந்த நாட்களில் தமிழர் வீடுகளில் யார் இருக்கிறார்கள், யார் வந்து தங்கினார்கள் என்று பொலிசுக்குப் படிவம் நிரப்பிக் கொடுக்கவேண்டும். நிரப்பிய அப்படியொரு படிவத்தை நீட்டினார்.

“மிஸ், இது தமிழ்ல எழுதியிருக்கு. கொஞ்சம் வாசிங்க.”

விலாசம் அந்த ஒழுங்கை. வீட்டுத் தலைவர் பாலேந்திரன். அடையாள அட்டை இலக்கம் சரி. கையெழுத்தும் அவருடையதே. மனைவி என்ற இடத்தில் ஒரு பெயர்... அந்தப் பெயரைக் கமலாசனி இன்றுவரை ஒருவருக்கும் சொல்லவில்லை. கீழே, வந்து போனவர்கள்: கமலாசனி. உறவு: தெரிந்த பெண். விலாசம்: இந்த வீடு. வந்தது வியாழக்கிழமை மாலை. திரும்பிய திகதி எழுதவில்லை.

“அந்தத் திகதி இல்லாததுக்குத்தான் வந்தேன்” என்றார் கொஸ்தாப்பல்.

“இது ஆர் தந்தது?” கமலாசனி கேட்டாள்.

“அந்த வீட்டு மாத்தயாதான், பாலேந்திரன். நேத்து இதே நேரம் நான் போனேன். நல்ல வீடு. மாத்தயாட பெண்சாதி, நோனா, டீ ஊத்தித் தந்தாங்க. மாத்தயா சாப்பிட்டுட்டு இருந்தார். வெளிய போறதே இல்லையாம், போன கிழமை வியாழக்கிழமைல இருந்து.”

நேற்று இதே நேரம் பாலேந்திரனுக்குச் சோறு போட்டவள் கமலாசனி. “பாலேந்திரன் என்ர மனுசன். உள்ளதான் சாப்பிடுறார்” என்றாள்.

கொஸ்தாப்பல் அடுப்படிப் பக்கம் எட்டிப் பார்த்தார். கதவுத் திரைக்கு அந்தப் பக்கம் கோப்பையில் சோறு பிசைகிற சத்தம்.

“மிஸ்... மாத்தயா அங்க இருக்காரே. அப்ப உள்ள யாரு?”

பிசைகிற சத்தம் நின்றது.