தண்ணீர் அத்தியாயம் பற்றிக் கங்காதரனின் கருத்து

ஒரு விளையாட்டை முழுதாக ஆடி முடிக்காமல் அதைப் பற்றிக் கருத்துச் சொல்கிறவர்களை எனக்குப் பிடிக்காது. முதல் பேய் வந்ததும் மூடிவிட்டு 'செம பயம்' என்று எழுதுவான் ஒருவன். பக்கத்து வீட்டுக்காரன் ஆடியதை எட்டிப் பார்த்துவிட்டு ஐந்து நட்சத்திரம் போடுவான் இன்னொருவன். நான் அப்படிச் செய்ததில்லை. நீங்கள் கேட்பது வேறு விஷயம் என்று தெரியும் சார். ஆனால் இங்கிருந்து தொடங்கினால்தான் அது உங்களுக்கு விளங்கும்.

என் பெயர் மாசிலாமணி. பொன்னேரியில் கல்லூரியைப் பாதியில் விட்டேன். பிறகு துறைமுகத்துப் பக்கம் ஒரு கிடங்கில் இரவு ஷிப்ட் பார்த்தேன். அதையும் விட்டேன். இரவில் விழித்தே பழகிய உடம்பு, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துகொண்டது. பயமுறுத்தும் துப்பாக்கி விளையாட்டுகளை ஆடி, அவற்றைப் பற்றிப் பேசி, எனக்கென்று ஒரு சேனலில் போட்டுவந்தேன்.

நான் சொல்லும் விளையாட்டுக்கு இங்கிலீஷில் நீளமான பெயர். நாங்கள் 'மூழ்கின ஊர்' என்போம். வெள்ளத்தில் பாதி முங்கிய ஊரிலிருந்து ஒருவன் உயிரோடு வெளியே வர வேண்டும். கையில் ஒரு துப்பாக்கி, கொஞ்சம் தோட்டா. அதில் ஓர் அத்தியாயம் முழுக்கத் தண்ணீரில். இடுப்பளவு கலங்கல் தண்ணீரில் நடக்க வேண்டும், அடியில் ஏதோ இருக்கும். ஆடியவர்களில் நிறைய பேர் அந்த அத்தியாயத்தைத் திட்டினார்கள். நத்தை மாதிரி நகர்கிறது, தோட்டா போதவில்லை, கத்தினாலும் யாரும் வருவதில்லை என்றார்கள். அந்த விளையாட்டின் உயிரே அதுதான் என்றேன் நான். பேய் பயமில்லை. கூப்பிட்டும் ஆள் வராததுதான் பயம். இதை விளக்கி நீளமாகப் பேசியிருக்கிறேன். பார்த்தவர்கள் சொற்பம்.

கங்காதரன் என் பெரியப்பா மகன். வயதில் சில மாதம் மூத்தவன். மனைவி ஜமுனாவோடு ஏரியில் இறங்கிச் சேற்றைக் கையால் தடவி இறாலும் நண்டும் பிடிக்கிறவன். ஒரு மழைநாளில், ஏரிக்குப் போகாமல் என் வீட்டில் உட்கார்ந்திருந்தவனிடம் தண்ணீர் அத்தியாயத்தைக் கொடுத்து ஆடச் சொன்னேன். அவன் பேசுவதைப் பதிவு செய்தேன்.

"இன்னாடா மாசி, இவன் தண்ணியில பூட்ஸ் போட்டுக்கினு நடக்கறான்? அடியில இன்னா கீதுன்னு காலுக்கு எப்படித் தெரியும்?" என்றான்.

"பயமா இல்லியா?"

"இன்னாத்துக்குப் பயம்? இவனுக்கு வாய் இல்லியா? கூப்புட வேண்டியதுதானே. ஏரியில ஜமுனா 'ஓ, எங்க கீறே'ன்னு குரல் குடுப்பா. நான் இப்படிச் சொல்வேன்." வாயில் கையைக் குவித்து, ஏரியில் நிற்பது போலவே கத்திக் காட்டினான். "கீறேன், நீ போ."

பிறகு சிரித்தான். "குரல் வந்தா ஆள் கீதுன்னு அர்த்தம். ஆள் இருந்தா பயம் எங்கேர்ந்து வரும்? இந்த கேமு பண்ணவனுக்குப் பொண்டாட்டி இல்ல போல."

அதை அப்படியே போட்டேன். என் சேனல் கண்டிராத கூட்டம் வந்தது. 'தண்ணி அண்ணன்' என்று அவனுக்குப் பெயர் வைத்தார்கள். 'நீ ஓரமா உக்காரு ப்ரோ, அண்ணன் பேசட்டும்' என்று எனக்கு எழுதினார்கள். அதைக்கூட விடுங்கள். அந்த அத்தியாயத்தைப் பாராட்டிக்கொண்டிருந்த சிலரும் கருத்தை மாற்றிக்கொண்டார்கள். 'தண்ணி அண்ணன் சொன்னதுதான் கரெக்ட், அது காமெடி அத்தியாயம்' என்றார்கள். விளையாட்டைப் பாதிகூட ஆடாத ஒருவன் சொன்னதை வைத்து.

பொறாமை என்று எழுதாதீர்கள். பொறாமைப்பட அவனிடம் ஒன்றும் இல்லை. அவன் கருத்தில் ஓட்டை இருந்தது, அவ்வளவுதான். தனக்குப் பயமில்லை என்று அவன் சொல்லவில்லை. குரல் கொடுக்க ஆள் இருக்கும்வரை பயமில்லை என்றுதான் சொன்னான். ஆளை எடுத்துவிட்டால்? அதை அவன் யோசிக்கவில்லை, அவனைக் கொண்டாடியவர்களும் யோசிக்கவில்லை. யோசித்தவன் நான் ஒருவன்தான்.

கையால் பிடிக்கிறவர்கள் கூட்டமாகத்தான் இறங்குவார்கள். பிறகு ஏரியடியில் அவரவர் பிடிக்கிற பள்ளத்துக்குப் பிரிந்துபோவார்கள். கரை திரும்பும் முன் ஒரு குரல் கொடுப்பார்கள். பதில் வராவிட்டால் பிடித்ததைப் போட்டுவிட்டு எல்லோரும் ஓடுவார்கள். பதில் வந்துவிட்டால் யாரும் போய்ப் பார்க்கமாட்டார்கள், போகவும் கூடாது. போனால் அடுத்தவன் பள்ளத்தை வேவு பார்த்தான் என்று சண்டை வரும். இது எங்களுக்குள் இருக்கும் மரியாதை. வெளியாட்களுக்கு இது தெரியாது.

வாடைக்காற்று அடிக்கும் நாளில், கூட்டம் வடக்கே இருந்து கூப்பிட்டால் கங்காதரனுக்குக் கேட்கும். அவன் சாதாரணமாகக் கத்தினால் அவர்களுக்குக் கேட்காது. மணல் திட்டின் மேல் ஏறி நின்று கத்த வேண்டும். ஏற முடியாவிட்டால் பதில் இல்லை.

அப்படி வாடை அடித்த ஒரு நாள், அவன் திட்டிலிருந்து தன் பள்ளத்துக்கு இறங்குகிற இடத்தில், பழைய நைலான் வலையைச் சேற்றுக்கு அடியில் கல் கட்டிப் போட்டேன். கை படுகிற இடத்தில் போடவில்லை. கையில் பட்டால் எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோயிருப்பான், எதையும் வீணாக்கமாட்டான். கால் முதலில் போகிற இடத்தில் போட்டேன். நின்றால் கழுத்தளவு தண்ணீர். ஏரி கடலோடு சேரும் முகத்துவாரம் திறந்திருந்தது. கடல் தண்ணீர் ஏரிக்குள் ஏறும் நேரம் வந்துகொண்டிருந்தது.

நான் என் சின்னப் படகில், கூட்டத்துக்குப் பக்கத்துத் திட்டில், முள்புதருக்குப் பின்னால் இருந்தேன். ஜமுனா குரல் கொடுத்தாள். "ஓ, எங்க கீறே."

மழைநாளில் பதிவு செய்த அவன் குரலை ஸ்பீக்கரில் போட்டேன். "கீறேன், நீ போ."

யாரோ ஒரு பெண், "உன் வூட்டுக்காரரு நண்டுக்குக் கதை சொல்லிக்கினு கீறாரு போல, நீ வாடி" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். ஜமுனா மட்டும் கொஞ்சம் நின்று, நண்டு போடும் பறியை இடுப்பில் சரிசெய்துகொண்டு, அவர்களோடு கரைப்பக்கம் நடந்தாள். அவன் குரலோடு ஏதோ இரும்புச் சத்தம் கேட்டதாக உங்களிடம் சொல்லியிருக்கிறாள். அது இரும்பு அல்ல. விளையாட்டில் துப்பாக்கிக்குத் தோட்டா ஏற்றும் சத்தம். பதிவு செய்தபோது விளையாட்டின் சத்தத்தைக் குறைக்க மறந்துவிட்டேன். என்னை நீங்கள் பிடித்தது அதனால்தான். வேறு பிழை எதுவும் நான் விடவில்லை.

பிறகு கோல் ஊன்றி அவனிடம் போனேன். தண்ணீர் தாடையில் இருந்தது. என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. அதை நான் எதிர்பார்க்கவில்லை.

"அட, வந்துட்டியா. ரெண்டு கால்லயும் வல சுத்திக்கிச்சுடா. எந்தப் பன்னாடை இங்க போட்டுட்டுப் போனானோ. முங்கி முங்கிப் பார்த்துட்டேன், அவுக்க வரல. கத்திய குடு."

"பயமா இருக்கா?" என்று கேட்டேன்.

"இன்னாது?"

"ஜமுனா போயிட்டா. எல்லாரும் போயிட்டாங்க. கூப்புட்டா யாரும் வரமாட்டாங்க. இப்போ சொல்லு. பயமா இருக்கா?"

"டேய், கேமு பேச்சு பேசற நேரமா இது? நீதான் எதிர்ல நிக்கறியே, எனக்கு இன்னா பயம்? கத்திய குடுடா மாசி."

போனில் பதிவு ஓடிக்கொண்டிருந்தது. நீங்கள் கேட்டிருப்பீர்கள். நான் திரும்பத் திரும்பக் கேட்டேன். பயமாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. கத்தி, கத்தி என்றான். என் பெயரைச் சொன்னான். தண்ணீர் உதட்டைத் தொட்டபோது தலையை அண்ணாந்துகொண்டு படகை நோக்கிக் கையை நீட்டினான். நான் படகைக் கொஞ்சம் பின்னால் தள்ளினேன். பதற்றத்தில் இருப்பவன் பிடித்தால் படகு கவிழ்ந்துவிடும், இது எல்லோருக்கும் தெரிந்தது. அதற்குப் பிறகு அவனால் பேச முடியவில்லை. கடைசிவரை கருத்தை மாற்றிக்கொள்ளாமலே போனான். பிடிவாதக்காரன்.

தண்ணீர் அத்தியாயம் பற்றி நான் சொன்னது சரி. இங்கேயும் சொல்வேன், கோர்ட்டிலும் சொல்வேன். அவன் தன் பயத்தை மறைத்தான் என்பதற்காக என் கருத்து பொய்யாகிவிடாது.

கொல்லும் எண்ணம் இருந்ததா என்று மறுபடி மறுபடி கேட்கிறீர்கள். இல்லை சார். அது ஒரு சோதனை. முடிந்ததும் கரை சேர்த்திருப்பேன். படகில் ஏன் கத்தி இல்லை என்கிறீர்கள். ஏரியில் இறங்குகிற எந்தப் படகிலும் கத்தி இருக்கும், என்னுடையதிலும் உண்டு. ஆனால் அவன் கேட்கிற விதம் எனக்குத் தெரியும். கையில் இருந்திருந்தால், அவன் கேட்டதும் கொடுத்திருப்பேன். அதனால்தான் அன்று காலையிலேயே அதை எடுத்து வீட்டில் வைத்துவிட்டுப் போனேன்.