நாடகத்துல தப்பு பாக்கறவ

இல்லீங்க சாமி, ஒக்காரல. நின்னாத்தான் எனக்குப் பேச்சு வரும். ஒக்காந்தா நெகத்தக் கடிச்சிட்டு எழுந்து போய்டுவேன்.

ஆமா சாமி, கல்யாண விசயந்தான். ரெண்டு ஞாயிறு பூசையில எங்க ரெண்டு பேர் பேரையும் சொல்லி கல்யாண ஓலை படிச்சிட்டீங்க. வர்ற ஞாயிறு மூணாவது ஓலை, அதுக்கப்புறம் கல்யாணம். அதுக்குள்ள உங்கள்ட்ட ஒன்னு கேட்டுக்கணும். ஆனா நேராக் கேக்க எனக்கு வராது. டிவியிலேர்ந்துதான் சுத்திட்டு வரணும்.

இன்னா பண்றது சாமி, கெட்ட பழக்கம். நாடகம் போட்டா நான் கதைய பாக்கமாட்டேன், ஓரத்தப் பாப்பேன். எங்க தெருவுல டிவி இருக்கறது சொல்தா வூட்ல மட்டுந்தான். அவரு பிரெஞ்சு பட்டாளத்துல துப்பாக்கி புடிச்சவரு, ஆனா டிவிக்கு அதிகாரி அவரு பொண்டாட்டி ரோசம்மா சித்திதான். செவ்வாக்கெழம ஆனா அவங்க கூடம் நெறஞ்சிடும். நான் கதவுக்குப் பின்னாடி, பாதி மொகம் தெரியறாப்ல. எல்லாரும் மூக்க உறிஞ்சிட்டு அழுவாங்க. டிவியில ஒருத்தி புருசன் செத்துட்டான்னு மார்ல அடிச்சிக்கிறா, அவ தல மேல மைக்கு புடலங்கா மாதிரி தொங்குது. மைக்கு, மைக்குன்னு கத்திட்டேன் சாமி. எழவு வூட்ல இன்னாடி மைக்குன்னு சித்தி ஒரு அதட்டு போட்டாங்க.

வாய் இல்லாத பொண்ணுன்னு ஊர்ல எனக்குப் பேரு. பஸ்ல டிக்கெட் கேக்கவே கூச்சம், எறங்க வேண்டிய எடத்த சொல்லாம அடுத்த ஸ்டாப்புக்குப் போயி நடந்து வருவேன். இதுல மட்டும் வாய் நிக்காது. ராஜா வந்து நின்னாருன்னா அவரு கையில வாட்ச் கட்டின வெள்ளத் தடம். கதவ சாத்தினா செவுரே மூச்சு வுடும், துணி செவுரு. இன்னொண்ணுல புருசனும் பொண்டாட்டியும், வூட்ல யாருமில்லன்னு ரகசியம் பேசறாங்க, சோபாவுக்குப் பின்னாடி ஒரு ஆளு ஒயர சுருட்டிக்கிட்டு தவழ்ந்து போறாரு!

சிரிக்கிறீங்களா? சிரிங்க சாமி. ஏண்டி இன்பம், ஒங்கப்பன் காலேஜ்ல படிக்க வச்சது இதுக்குத்தானா, எங்கள நிம்மதியா அழவுடுடின்னு சித்தி ஒரு நாள் கையெடுத்தே கும்புட்டுட்டாங்க. பி.ஏ. எகனாமிக்ஸ் சாமி. படிச்சதுல ஒன்னும் ஞாபகமில்ல. எந்த நாடகத்துல எவ பூ வச்சிக்கிட்டு வாசல்ல நின்னா, உள்ள வந்தப்ப பூ இல்லாம வந்தான்னு கேளுங்க, தேதியோட சொல்றேன்.

அதனாலதான் மாப்பிள மெட்ராஸ்ல, டிவிக்கு நிகழ்ச்சி எடுத்துக் குடுக்கற கம்பெனியில வேலன்னு தெரிஞ்சதும் தெருவே சிரிச்சிது. இனிமே அவன்ட்டயே போயி சொல்லுடி உன் தப்ப எல்லாம்னு. எனக்கும் சந்தோசந்தான் சாமி, எதுக்குப் பொய். நீங்க மைக்கு புடிக்கிறவரா, லைட்டு புடிக்கிறவரான்னு கேக்கணும்னு அவ்ளோ ஆச.

கேக்கலயே. எங்க கேக்கறது? பொண்ணு பாக்க வந்தன்னிக்கி நான் நிமுரவே இல்ல. இப்ப அந்த மாப்பிள சவரிநாதன் நம்ம கோயில் வாசல்ல வந்து நின்னா, யாரு வேணும்னு கேப்பேன். போட்டோவா? குடுத்தாங்க. ஸ்டுடியோக்காரன் எல்லார் மொகத்தையும் ஒரே மாதிரி வழிச்சில்ல வுட்டுடறான். நான் பாத்தது கைய மட்டுந்தான் சாமி, காப்பி குடுக்கறப்ப. வலது கை, பெருவெரலுக்குக் கீழ வேப்பெல மாதிரி ஒரு தழும்பு. லைட்டு சுட்டுடுச்சாம், அவங்கம்மா சொன்னாங்க. சக்கர போதும்னாரு. அவ்ளோதான் அன்னிக்கி அவரு பேசினது.

நேத்து சாயங்காலம் சின்னப் பசங்க நிகழ்ச்சி போட்டாங்க. வரிசையா நின்னு பாடுதுங்க. ஓரத்துல ஒரு பொண்ணு, பால் பல்லு, ரெட்டச் சடை. லைட்டப் பாத்து பயந்துடுச்சி. பாட்ட வுட்டுட்டு ஓடுது. ஓரத்துலேர்ந்து ஒரு கை வந்து, அத வரிசைக்குள்ள திருப்பித் தள்ளுது. எல்லாரும் சிரிச்சாங்க. எனக்குக் கொண்டாட்டம், தப்பு கெடச்சிடுச்சில்ல! கத்த வாயத் தெறந்தேன். தெறந்த வாய் அப்டியே நின்னுடுச்சி.

அந்தத் தழும்பு சாமி.

தழும்பு யாருக்கு வேணா இருக்கும், நானும் அதத்தான் சொல்லிக்கிட்டேன். ஆனா அந்தப் புள்ள அந்தக் கையப் புடிச்சிக்கிட்டு, அப்பா தூக்குப்பா, தூக்குப்பான்னு அழுவுது. போய் நில்லும்மான்னு குரல் கேக்குது. சக்கர போதும்னு சொன்ன அதே குரல். அதுக்குள்ள வேற பக்கம் காட்டிட்டாங்க.

அக்கா புள்ளயா இருக்காதான்னா, அக்கா புள்ள மாமான்னுல்ல கூப்புடும்? அவருக்குக் கூடப் பொறந்தது ரெண்டும் அக்காதான், சித்தப்பா பெரியப்பாங்கற பேச்சே இல்ல. பயத்துல கத்தினதா? பயந்தா புள்ளைங்க அம்மான்னுதான் சாமி கத்தும்.

தெரியும், அவங்க ஊர்ச் சாமியாரு விசாரிச்சு தடையில்லன்னுட்டாரு. மெட்ராஸ்ல குடித்தனம் நடத்தினா கிராமத்துக் கோயிலுக்கு எப்டித் தெரியும்? அம்மாட்ட சொன்னேன். நீ தப்பு பாக்காத எடமே இல்லயாடி, பந்தலுக்கு சொல்லியாச்சுன்னாங்க. அப்பாட்ட சொல்ல தெம்பு இல்ல. என் கண்ணுதான் தப்புன்னா ஊரு சிரிக்கும், சிரிச்சிட்டுப் போவட்டும், எனக்குப் பழக்கந்தான். தப்பு இல்லன்னா, அந்தப் புள்ளைய யாரு தூக்குவா?

ஒவ்வொரு ஓலை படிச்சப்பறமும் ஒன்னு சொல்வீங்களே சாமி, இந்தக் கல்யாணத்துக்குத் தடை தெரிஞ்சவங்க பங்குச் சாமியார்ட்ட வந்து சொல்லணும்னு. அத வேற யாராவதுதான் வந்து சொல்லணுமா, இல்ல கல்யாணப் பொண்ணே சொல்லலாமா? அத கேட்டுட்டுப் போலாம்னுதான் வந்தேன்.