கோட்டை தெரியும் வீடு

சாப்பாட்டு மேசையில், கண்ணாடிக் கிண்ணத்தில் இருக்கிற ஆப்பிள்கள் மெழுகில் செய்தவை. நேற்று உங்களோடு வந்த காவலர் ஒருவர் அதில் ஒன்றை எடுத்துக் கடித்துவிட்டார். முன்கூட்டியே சொல்லியிருப்பேன். அவர் என்னைக் கேட்கவில்லை. கேட்காத எதையும் நானாகச் சொல்கிற பழக்கம் எனக்கு இல்லை, ஐயா. இந்த விவகாரம் முழுக்க அந்த ஒரு குணத்தால் வந்ததுதான்.

நடந்ததை எழுதித் தாருங்கள் என்றீர்கள். பேனா, தாள், தேநீர் எல்லாம் கொடுத்தீர்கள். தேநீரில் சர்க்கரை கம்மி. குறையாகச் சொல்லவில்லை.

நான் முப்பத்தொரு வருடம் கோட்டையில் வழிகாட்டியாக இருந்தவன். வருகிறவர்களை அழைத்துப்போய், இது அந்தப்புரம், இது லாயம் என்று காட்டுவது வேலை. எது அந்தப்புரம், எது லாயம் என்பது எனக்கும் சரியாகத் தெரியாது. மழை நாளில் கூரை உள்ள பக்கத்தை அந்தப்புரம் என்பேன். கடைசியில் காவற்கோபுரத்தின் அடியில் நிறுத்தி, அறுபது வருடம் காவல் நின்றவன் கதையைச் சொல்வேன். ராஜா செத்து, அவர் மகன் செத்து, சண்டையெல்லாம் முடிந்துபோன பிறகும் அவனை மாற்ற யாரும் வரவில்லை. அவனும் இறங்கவில்லை. தாடி வளர்ந்து கோபுரத்திலிருந்து அகழி வரைக்கும் தொங்கியது. ஊர்ப் பெண்கள் அதில் துணி காயப்போட்டார்கள். வெள்ளத்தில் போன ஒரு கன்றுக்குட்டி அதைப் பிடித்துக்கொண்டு கரையேறியது. முப்பத்தொரு வருடத்தில் ஒரே ஒரு ஆள்தான் கன்றுக்குட்டி எதைக்கொண்டு பிடித்தது என்று கேட்டார். வாயால் என்றேன்.

வேலையிலிருந்து ஓய்வு கொடுத்ததும், டிக்கெட் கவுண்டருக்குப் பின்னால் இருந்த ஓர் அறையில் தங்கிக்கொள்ள விட்டார்கள். கட்டில் போட்டால் கதவு பாதிதான் திறக்கும். எனக்குப் பெண்டாட்டி பிள்ளை கிடையாது. கதவு பாதி திறந்தால் போதுமாக இருந்தது.

அப்போதுதான் கோட்டைக்குப் பக்கத்து வெட்டவெளியில் அந்தக் குடியிருப்பைக் கட்டினார்கள். சுற்றிலும் மதில், ஒரே ஒரு வாசல், உள்ளே அச்சில் வார்த்தது போல அறுபத்துநான்கு பங்களாக்கள். மதிலும் வாசலும் இருந்து உள்ளே ஆள் இல்லாத இடம் ஊரில் அதுவரை ஒன்றுதான் இருந்தது, இப்போது இரண்டாயிற்று. வீடுகள் விற்கவில்லை. விற்பனை மேலாளர் என்னைத் தேடி வந்தார்.

"தாத்தா, காலி வீட்டைக் காட்டினா வர்றவங்க எதிரொலியக் கேட்டுட்டுப் போயிடறாங்க. ஒரு வீட்டுல குடும்பம் இருக்கிற மாதிரி காட்டணும். நீங்க தாத்தாவா உட்காரணும். காலைல ஒன்பதுலேர்ந்து சாயங்காலம் ஆறு வரைக்கும்."

"என்ன செய்யணும்?"

"ஒண்ணும் செய்ய வேணாம். சந்தோஷமா இருந்தாப் போதும்."

ஏழாம் எண் வீடு. எனக்கு ஒரு சாய்வு நாற்காலி, பழுப்பு நிற ஸ்வெட்டர் ஒன்று. என் மனைவியாக வந்தவர் தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மகனாகவும் மருமகளாகவும் விற்பனைப் பிரிவிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். சரியாக ஆறு மணிக்கு என் மனைவி கைப்பையை எடுத்துக்கொள்வார். "ஏங்க, மணி ஆச்சு. நான் என் வீட்டுக்குப் போறேன், நீங்க உங்க வீட்டுக்குக் கிளம்புங்க" என்பார். ஒருநாள் மருமகளிடம் சொன்னார்: "தாலி கட்டினவர் ஒரு நாளும் என் பேச்சக் கேட்டதில்ல. கூலிக்கு வந்தவரு பாரு, கால மடக்குங்கன்னா மடக்குறாரு."

குழந்தையை வேலைக்கு வைக்க முடியாது என்பதால் சிவப்பு நிறச் சின்ன சைக்கிள் ஒன்றை மட்டும் வாசலில் நிறுத்தியிருந்தார்கள். யாராவது கேட்டால், பேத்தி பள்ளிக்கூடம் போயிருக்கிறாள் என்று நான் சொல்ல வேண்டும். இரண்டு வருடம் சொன்னேன். இரண்டு வருடமும் அவள் பள்ளிக்கூடத்திலிருந்து வரவில்லை. நாலு மணியானால் நான் வாசலைப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. அதற்குச் சம்பளத்தில் எதுவும் சேர்த்துக் கொடுக்கவில்லை.

அந்த வீட்டில் பாதிப் பொருள்கள் வெறும் தோற்றம். அலமாரியில் புத்தகங்களுக்கு முதுகு மட்டும்தான் உண்டு. தொலைக்காட்சி அட்டை. சமையலறைக் குழாயைத் திறந்தால் காற்று வரும். மாடி பால்கனிக்கு வரவேண்டிய இரும்புக் கைப்பிடி திறப்பு நாளன்று வந்து சேராததால், ஒரு தச்சர் அரை நாளில் மெல்லிய மரச்சட்டத்தில் ஒன்று செய்து, கறுப்பு வர்ணம் அடித்து, தரைப் பள்ளத்தில் நிறுத்தி, சிமெண்டுக்குப் பதிலாகப் பட்டிப் பசை வைத்து அடைத்துவிட்டுப் போனார். பார்த்தால் யானை சாய்ந்தாலும் தாங்கும். உண்மையில் பூனை சாய்வதாக இருந்தால் ஒருமுறை யோசிப்பது நல்லது. யாரும் கிட்டே போகாதபடி முன்னால் ஆறு பூந்தொட்டிகளை வரிசையாக வைத்திருந்தோம். குடும்பத்தில் நாலு பேருக்கும் அது தெரியும். என் மனைவி எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடமே அதுதான்.

தொட்டிகளுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு, வாங்க வருகிறவர்களிடம் நான் சொல்வேன்: "தினமும் இங்க நின்னுதான் டீ குடிப்பேன். அந்த மூலையில போய் இடது பக்கமா கொஞ்சம் எட்டிப் பாத்தா கோட்டைக் காவற்கோபுரம் தெரியும்." எல்லோரும் நின்ற இடத்திலிருந்தே தலையை ஆட்டினார்கள். ஆகா, தெரிகிறது என்று இரண்டு பேர் சொல்லவும் செய்தார்கள்.

பிறகு ஒருநாள் அவர்கள் வந்தார்கள். கணவன், மனைவி, ஏழு வயதில் ஒரு பெண் குழந்தை. பெரியவர்கள் சமையலறையைப் பார்த்துக்கொண்டிருக்க, அந்தக் குழந்தை வாசலில் இருந்த சைக்கிளில் ஏறி, கூடத்துக்குள் ஓட்டிக்கொண்டு வந்து, என் நாற்காலி முன்னால் நிறுத்தியது.

"நீங்க நிஜத் தாத்தாவா?"

"ஏன், பாத்தா எப்படி இருக்கு?"

"காதுல முடி இருக்கு. நிஜந்தான்."

மணி நாலு. நான் கடிகாரத்தைப் பார்த்தேன், அதனால் நன்றாக நினைவிருக்கிறது. காவல்காரன் கதையைச் சொன்னேன். கன்றுக்குட்டி வந்ததும் என் முழங்காலைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் அம்மா சமையலறை வாசலில் நின்று எங்களைப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. கணவரிடம் மெல்லச் சொன்னார், எனக்குக் காது நன்றாகக் கேட்கும்: "இதே மாதிரி அப்பாவையும் கொண்டாந்து வெச்சுக்கணும். இந்த வீடே இருக்கட்டும்."

மறுநாள் மேலாளர் என் கையைக் குலுக்கினார். "கலக்கிட்டீங்க தாத்தா. வீட்ட வித்தாச்சு."

"எந்த வீட்ட?"

"இந்த வீட்டத்தான். இருக்கிற சாமானோட."

சாமான் என்பதில் நாற்காலி, ஸ்வெட்டர், சைக்கிள் எல்லாம் அடக்கம். நான் அடக்கம் இல்லை.

பொறியாளர் புதிதாக வந்தவர். பழையவர் வேறு இடத்துக்குப் போய்விட்டார். "இந்த வீட்டுல எது எது டம்மின்னு உங்களுக்குத்தான் தெரியும் தாத்தா. லிஸ்ட் போட்டுக் குடுங்க, எல்லாத்தையும் மாத்திட்டு ஒப்படைக்கலாம்" என்றார். அறை அறையாகப் போய் எழுதினேன். ஒன்று, ஆப்பிள்கள். இரண்டு, புத்தகங்கள். ஒரு திருகாணியைக்கூட விடவில்லை. நாற்பத்தொன்றாவதாகக் கூடத்துச் சுவரில் மாட்டியிருந்த குடும்பப் படம் வந்தது. நாங்கள் நாலு பேரும் ஸ்டுடியோவில் எடுத்தது. என் மனைவி என் தோளில் கை வைத்திருப்பார். அதையும் என் கையாலேயே எழுதினேன்: குடும்பப் படம், டம்மி.

எழுதிவிட்டுப் பேனாவை மூடிவைத்தேன். தாளில் இடம் இருந்தது. மாடி பாக்கி இருந்தது. கை வலித்தது என்று சொன்னால் நம்புவீர்கள், ஆனால் வலிக்கவில்லை.

பட்டியலைப் பார்த்து ஒவ்வொன்றாக மாற்றினார்கள். ஆப்பிள்கள் மட்டும் அழகாக இருக்கின்றன, இருக்கட்டும் என்று வீட்டுக்காரம்மா வைத்துக்கொண்டார். துப்புரவு செய்தவர்கள் பூந்தொட்டிகளைத் தோட்டத்துக்கு இறக்கிவிட்டார்கள். கம்பெனி என்னைக் கைவிடவில்லை. குடிவருகிறவர்களுக்கு எந்த ஸ்விட்ச் எந்த விளக்குக்கு என்று காட்டுகிற வேலை கொடுத்தது.

அப்படித்தான் போன செவ்வாய்க்கிழமை, காலை பத்தரைக்கு, ஏழாம் எண் வீட்டின் அழைப்புமணியை அழுத்தினேன். அந்த மணியை வெளியில் நின்று நான் அழுத்தியது அதுதான் முதல் தடவை. சத்தம் வெளியே நன்றாக இல்லை. உள்ளே இருந்து கேட்க நன்றாக இருக்கும்.

அம்மாவும் அப்பாவும் வேலைக்குப் போயிருந்தார்கள். குழந்தைக்குப் பள்ளி விடுமுறை. நிஜத் தாத்தா என் நாற்காலியில் இருந்தார். பல் மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றவர். நல்ல மனிதர், அதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. என் ஸ்வெட்டரைப் போட்டிருந்தார். தோள் அவருக்குச் சரியாக இருந்தது. எனக்கு எப்போதும் ஒரு விரல் தொளதொளப்பு.

"வாங்க வாங்க, உக்காருங்க. நம்ம வீடு மாதிரி நெனச்சுக்கங்க" என்று, விருந்தாளிகள் உட்காரும் நாற்காலியைக் காட்டினார்.

உட்கார்ந்தேன். குழந்தை என்னைப் பார்த்து, "காவக்காரன் கதை சொன்ன தாத்தா" என்றாள். எனக்கு நிறைவாக இருந்தது. ஆனால் அவள் அதோடு விடவில்லை. "இந்தத் தாத்தா அத இன்னும் சூப்பரா சொல்றாரு. சொல்லு தாத்தா, பல்லு, பல்லு."

அவர் கூச்சத்தோடு சொன்னார்: "ஒண்ணுமில்ல சார். அறுபது வருஷம் மேலயே நின்னானே, பல்லு எப்படி வெளக்கியிருப்பான்னு கேட்டா. தாடியாலதான்னு சொன்னேன். தொங்குற நுனிய இழுத்து, இப்படி."

செய்து காட்டினார். குழந்தை தரையில் புரண்டு சிரித்தாள். என் முழங்காலைப் பிடித்துச் சிரித்ததைவிட அதிகம். முப்பத்தொரு வருடம் அந்தக் கதையைச் சொன்னேன், ஐயா. தாடியில் துணி காய்ந்தது, கன்றுக்குட்டி கரையேறியது. பல்லை நான் யோசிக்கவே இல்லை. நானும் சிரித்தேன். நன்றாக இருந்தது என்பதை மறுப்பதற்கில்லை.

நீங்கள் உங்கள் குறிப்பில் பொறாமை என்று எழுதியதைப் பார்த்தேன். அதை அடித்துவிடுங்கள். அடுத்தவன் பொருள்மேல் ஆசைப்படுவதுதான் பொறாமை. அந்த நாற்காலியில் முதலில் உட்கார்ந்தது யார் என்று நாற்காலியையே கேட்கலாம், உட்கார்ந்த பள்ளம் இன்னும் என் அளவில்தான் இருக்கிறது.

ஸ்விட்சுகளைக் காட்டி முடித்தேன். அவர்தான் பேச்சை எடுத்தார், நான் எடுக்கவில்லை. "ஏன் சார், கோட்டை தெரியும் வீடுன்னு விளம்பரத்துல போட்டிருந்தாங்க. நானும் ஒவ்வொரு ஜன்னலா தேடிட்டேன். எனக்கு ஒண்ணும் தெரியலையே."

"கேட்டீங்களே, அதுவே நல்லதாப் போச்சு. மாடிக்கு வாங்க" என்றேன்.

மூன்று பேரும் ஏறினோம். பால்கனிக் கதவைத் திறந்ததும் குழந்தை முன்னால் ஓடப் பார்த்தாள். கையைப் பிடித்து நிறுத்தினேன். "தாத்தாவுக்குத் தூரத்துப் பார்வைக் கண்ணாடி வேணும்ல, கீழ போய் எடுத்துட்டு வாடா கண்ணு" என்று அனுப்பினேன். இதை நீங்கள் தவறாமல் குறித்துக்கொள்ள வேண்டும். குழந்தைக்கு ஒரு கீறல் விழ நான் சம்மதித்திருக்க மாட்டேன்.

அவள் படியிறங்கும் சத்தம் அடங்கும் வரைக்கும் காத்திருந்தேன். அவர் மூலைக்குப் போய்க் கைப்பிடிமேல் கை வைத்தார்.

"எந்தப் பக்கம்?"

"இடது பக்கம் டாக்டர்."

"மரம்தான் தெரியுது."

"மரத்துக்கு அந்தாண்ட. இன்னும் கொஞ்சம் எட்டிப் பாருங்க."

வயிற்றைக் கைப்பிடியில் பதித்து எட்டினார். முப்பத்தொரு வருடம் ஆயிரக்கணக்கானவர்களுக்கு வழி காட்டிய குரலில்தான் சொன்னேன். அவசரம் இல்லை, அதட்டல் இல்லை. இன்னும் கொஞ்சம் என்று மூன்று தடவை சொன்னேன். மூன்றாவது தடவை தேவைப்படவில்லை.

நான் அவரைத் தொடவில்லை. உங்கள் ஆட்கள் அந்த ஸ்வெட்டரில் என் கைரேகையைத் தேடினால் நிறையக் கிடைக்கும், ஆனால் அதெல்லாம் பழையது.

பொறியாளர் உங்களிடம் இன்னொன்றையும் சொல்லியிருப்பார் என்று நினைக்கிறேன். சொல்லாவிட்டால் நானே சொல்லிவிடுகிறேன், இதை நீங்கள் கேட்கவில்லை என்றாலும். ஏழாம் எண் வீட்டின் எந்த மூலையில் நின்று எப்படி எட்டினாலும் காவற்கோபுரம் தெரியாது. நடுவில் குடியிருப்பின் தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. முதல் நாளே எனக்குத் தெரியும்.

குழந்தை கண்ணாடியோடு மேலே வந்தபோது நான் கதவைச் சாத்தி, அவளைத் தூக்கிக்கொண்டேன். எதையும் பார்க்கவிடவில்லை. தாத்தா எங்கே என்று கேட்டாள். இதோ இருக்கிறேன் என்றேன். அழுதாள். புதிய இடம், பழகக் கொஞ்ச நாள் ஆகும்.

நாற்பத்திரண்டாவது பொருளையும் இந்தத் தாளின் அடியில் எழுதியிருக்கிறேன், பொறியாளரிடம் கொடுத்து உடனே மாற்றச் சொல்லுங்கள். ஓடி விளையாடுகிற பிள்ளை இருக்கிற வீடு. உங்கள் விசாரணை முடிய எவ்வளவு நாளானாலும் சரி, நாலு மணிக்கு யாராவது வாசலில் நின்று அவளைப் பார்த்துக்கொள்ளட்டும். ஸ்வெட்டரில் சோதனை முடிந்ததும் வெந்நீரில் மட்டும் போட்டுவிட வேண்டாம், சுருங்கிவிடும். அப்புறம் எனக்கு இறுக்கமாகிவிடும்.