சூரியனை நடுவில் நிறுத்துதல்

சூரியன் தன் அகலத்தைத் தானே கடக்க இரண்டு நிமிடம் எடுத்துக்கொள்கிறது. வெறுங்கண்ணுக்கு அது அசையாமல் நிற்கிறது. தொலைநோக்கியில் கண்ணை வைத்தவருக்கோ அது ஓடுகிற ஒன்று. உண்மையில் சுழல்வது பூமிதான் என்று பள்ளியில் படித்தவர்கள்கூட அங்கே வந்ததும் "ஓடிருச்சு" என்றுதான் சொல்வார்கள்.

இன்ஸ்பெக்டர், இதை நீங்கள் முதலில் மனத்தில் கொள்ள வேண்டும். ரவிச்சந்திரனின் வலது கண்ணைப் பற்றி உங்கள் மேசையில் ஓர் அறிக்கை இருக்கிறது. அதில் இரண்டு இடங்களில் 'விபத்து' என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சொல்லைப் பற்றிப் பிறகு பேசலாம். 'மோட்டார் சூரியனைத் துல்லியமாகத் தொடர்ந்துகொண்டிருந்ததால்' என்று ஒரு வரி வருகிறதே, அதை நீக்கச் சொல்வதற்காகவே பாரோயிலிருந்து நானே காரோட்டி வந்தேன். யாரும் என்னை அழைக்கவில்லை.

என் பெயர் துரைசிங்கம். நில அளவையாளனாக முப்பத்து நான்கு ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். சுவா ஊருக்கு உள்ளே இருக்கும் அந்த ரப்பர்த் தோட்டத்தில் என் பாட்டனார் கணக்கெழுதும் கிராணியாக இருந்தார். ரவியின் பாட்டனார் முனியாண்டி அதே தோட்டத்தில் பால்மரம் சீவினார். விடிவதற்கு முன் பெரட்டுக் களத்தில் ஆட்கள் வரிசையாக நிற்க, என் பாட்டனார் பெயர் வாசிப்பார். முனியாண்டி "இருக்கேன் ஐயா" என்பார். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. ரவியே பலமுறை சிரித்துக்கொண்டு சொன்ன கதை இது. அவர் என்னைக் 'கிராணியார்' என்று கேலி செய்வார். காரியம் என்று வந்தால் 'அண்ணே' என்பார். கேலியில் வன்மம் இருந்ததாக நான் ஒருபோதும் கருதியதில்லை. அதனால்தான் இதைச் செய்தேன் என்று நீங்கள் எழுதினால் அதுவும் பிழையாகும்.

பதினோரு ஆண்டுகள் நாங்கள் இருவரும் சேர்ந்து வானம் பார்த்தோம். குழாயும் கண்ணாடிகளும் என்னுடையவை. தாங்கும் இரும்பு ரவி பற்றவைத்தது. அவர் லாரி மெக்கானிக். மாதம் ஒருமுறை மேட்டின் உச்சியில், அந்தப் பழைய பெரட்டுக் களத்தில், தொலைநோக்கியை நிறுத்துவோம். ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது; தொழிலாளர் குடியிருந்த லயங்களில் பாதிக்குமேல் ஆளில்லை. ஆனாலும் சுவாவிலிருந்து மோட்டார் சைக்கிள்களிலும், நீலாயில் வேலை பார்ப்பவர்களின் கார்களிலும் கூட்டம் வந்து சேரும். வரிசை நிற்கும். ஒருவர் கண்ணை வைப்பார். அரை நிமிடம் கழித்து, "ஐயா, ஓடிருச்சுங்க" என்பார். நான் பக்கத்து ஸ்டூலில் அமர்ந்தபடியே திருகைச் சுழற்றுவேன். "ஆங், வந்துருச்சு, வந்துருச்சு." அவ்வளவுதான் என் வேலை. எத்தனை சுற்று வேண்டும் என்பது, குழாய்க்குள் பார்க்காமலேயே என் விரலுக்குத் தெரியும். ஒரு கூட்டம் கலைவதற்குள் நூறு முறையாவது என்னை அழைத்திருப்பார்கள்.

என் மனைவி ஆனந்தவல்லி இறந்து ஒன்பது ஆண்டுகளாகின்றன. மகன் நிஷாந்தன் வெளிநாட்டில் இருக்கிறான். இரக்கத்துக்காகச் சொல்லவில்லை, விவரம் முழுமையாக இருக்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

ஜூன் மாதம் ரவி மோட்டாரைக் கொண்டுவந்தார். பழைய நகலெடுக்கும் இயந்திரம் ஒன்றிலிருந்து கழற்றியது. லாரி பேட்டரியில் ஓடும். கூடவே உள்ளங்கை அளவில் ஒரு பெட்டி, அதில் நான்கு பொத்தான்கள். நம் ஊர் பூமியின் நடுக்கோட்டுக்கு மிக அருகில் இருப்பதால், தொலைநோக்கியைச் சுழற்றும் அச்சு இங்கே ஏறத்தாழப் படுத்துக் கிடக்க வேண்டும். கடையில் விற்கும் தாங்கிகள் அவ்வளவு தாழ்வதில்லை. அதற்காக ரவி ரப்பர் மரத்தில் ஓர் ஆப்பு இழைத்து அடியில் வைத்திருந்தார். நேர்த்தியான வேலை என்பதை மறுக்க மாட்டேன். சனிக்கோளை நடுவில் வைத்துப் பொத்தானை அழுத்திவிட்டு, என் அருகே வந்து நின்றார். இருபது நிமிடம் கழித்தும் சனிக்கோள் நடுவிலேயே இருந்தது.

"இனிமே நீங்க கையக் கட்டிக்கிட்டு உக்காரலாம்லா, கிராணியாரே. எல்லாம் மோட்டாரு பாத்துக்கும்."

"அண்ணனுக்கு முதுகு வலியாச்சும் மிச்சம்" என்றார் அவர் மனைவி மாதவி, எனக்குத் தேநீர் ஊற்றிக்கொண்டே.

இருவரும் அன்போடுதான் சொன்னார்கள். அன்று வரிசை அமைதியாக நகர்ந்தது. என்னை யாரும் அழைக்கவில்லை. அடுத்த ஐந்து மாதங்களிலும் அழைக்கவில்லை.

டிசம்பரில் கிரகணம் வந்தது. நண்பகல் தாண்டி ஒன்றேகாலுக்கு மேல் உச்சம். களத்தில் நூற்றைம்பது பேர் இருந்திருப்பார்கள். நான் காலையிலேயே போய்விட்டேன். பழக்கத்தால் என் மட்டப்பலகையை அந்த ரப்பர் மர ஆப்பின்மேல் வைத்துப் பார்த்தேன். இரண்டு வார மழையில் மரம் ஊறி ஒரு பக்கமாக உப்பியிருந்தது. மோட்டார் எவ்வளவு சரியாக ஓடினாலும் சூரியன் மெல்ல ஓரத்துக்கு நழுவும் என்று எனக்குத் தெரிந்தது. ரவியிடம் சொல்லவில்லை. யாராவது "ஓடிருச்சு" என்று சொல்லட்டும் என்று காத்திருந்தேன். அந்தக் காலையில் நான் விரும்பியது அது ஒன்றைத்தான்.

சூரியன் நழுவத்தான் செய்தது. ஆனால் பெட்டியைக் கையில் வைத்திருந்தவர் ரவி. ஒவ்வொரு முறையும் அவரே பொத்தானை அழுத்தி நடுவுக்குக் கொண்டுவந்தார். வரிசையில் நின்ற செல்லம் என்ற பெண், "கிராணியாரு இன்னிக்கு லீவா?" என்று கேட்டார்.

"அவரு ஓய்வு எடுத்தாச்சு. பேரு வாசிக்கிற வேலையும் மோட்டாருக்குக் குடுத்துட்டோம்" என்றார் ரவி. வரிசை முழுவதும் சிரித்தது. நானும் சிரித்தேன். அது நல்ல நகைச்சுவைதான்.

இப்போது எங்கள் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும்.

சூரியனைப் பார்க்கும்போது குழாயின் முனையில் ஒரு மூடி இருக்கும். ஒளியை ஏறத்தாழ முழுவதும் தடுக்கும் படலம் ஒட்டிய மூடி. மேகம் தடித்துவிட்டால் அதன் வழியே எதுவும் தெரியாது. அப்போது காத்திருக்க வேண்டும் என்று கையேடுகள் சொல்கின்றன. அவற்றை எழுதியவர்கள் நெகிரி செம்பிலானின் மழைக்காலத்தை அறியாதவர்கள். நாங்கள் மூடியைக் கழற்றிவிட்டு, மேகத்தையே மூடியாகக் கொண்டு பார்ப்போம். ஒருவர் கண்ணை வைப்பார். மற்றவர் மூடியைக் கையில் பிடித்தபடி எதிர்ச் சரிவைப் பார்த்து நிற்பார். மேகம் விலகும்போது வெயில் முதலில் அந்தச் சரிவின் செம்பனைகள்மேல் விழுந்து, நம்மை நோக்கி இறங்கி வரும். அது அடிவாரத்து ஓடையைத் தொட்டதும் "மூடு" என்று கத்திவிட்டு மூடியைப் போட வேண்டும். முதலில் நான் பார்ப்பேன், ரவி காவல் நிற்பார், பிறகு மாறிக்கொள்வோம். பதினோரு ஆண்டுகளில் ரவியின் குரல் எனக்காக ஒருமுறைகூடப் பிந்தியதில்லை.

உச்சத்துக்குச் சில நிமிடங்கள் இருக்கும்போது மேகம் மூடியது. கூட்டம் மாதவி வைத்திருந்த சிற்றுண்டிப் பக்கம் போய்விட்டது. ரவி தாங்க மாட்டாமல், "கழட்டுவோமா அண்ணே?" என்றார். நான் மூடியைக் கழற்றினேன்.

"ரவி, இண்டைக்கு நீர் முதல்ல பாரும்" என்றேன்.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அப்படி ஒரு மகிழ்ச்சியை அவர் முகத்தில் நான் அதற்குமுன் கண்டதில்லை. இரு கைகளாலும் கண்ணைச் சுற்றி மறைத்துக்கொள்ள வேண்டும் என்பதால், பொத்தான் பெட்டியை என்னிடம் நீட்டினார். ஆறு மாதத்தில் முதன்முறையாக அது என் கைக்கு வந்தது.

"ஐயோ அண்ணே, அரிவாள் மாதிரி நிக்குது. சும்மா வெட்டி வச்ச மாதிரி" என்றார் குழாயில் கண்ணை வைத்தபடி.

எதிர்ச் சரிவின் உச்சியில் வெயில் விழுந்தது. நான் பார்த்தேன். என் பார்வை நன்றாகவே இருக்கிறது. மருத்துவச் சான்று வேண்டுமானால் தருகிறேன். வெயில் பனைவரிசைகளைக் கடந்து ஓடைக்கு வர நாற்பது நொடிகள் ஆயின. ஓடையிலிருந்து மேட்டுக்கு வர இன்னும் பத்து நொடிகள். மூடி என் இடது கையில் இருந்தது. நான் "மூடு" என்று சொல்லவில்லை.

அவர் அலறவில்லை. விழித்திரைக்கு வலி கிடையாது. "அட" என்று மட்டும் சொல்லிப் பின்வாங்கினார். பிறகு சிரித்தார். "கண்ணு கொஞ்சம் பூத்துருச்சுண்ணே" என்று சொல்லிவிட்டுக் குழந்தைகளுக்குப் படம் வரைந்து விளக்கினார். மாலையில்தான், மாதவியின் முகத்தைப் பார்த்தபோது அங்கே முகம் இல்லை என்று சொன்னார். வலது கண்ணின் நடுவில் ஓட்டை விழுந்துவிட்டது. எதை நேராகப் பார்க்கிறாரோ அது மறைந்துவிடும். ஓரங்கள் மட்டும் தெரியும். அது தேறாது என்று சிரம்பான் மருத்துவர் சொல்லிவிட்டார். லாரி ஓட்டும் உரிமம் போய்விட்டது. மற்றக் கண்ணை வைத்துக்கொண்டு பட்டறையில் வேலை செய்கிறார்; திருகாணியின் தலையைத் தேடி ஸ்பானர் இரண்டு மூன்று முறை தடவுகிறது. போய்ப் பார்த்தேன். பழங்கள் வாங்கிக்கொண்டு போனேன்.

இனி அந்த வரிக்கு வருகிறேன்.

மோட்டார் சூரியனை விடாமல் பிடித்திருந்தது, மேகம் சட்டென்று விலகிவிட்டது, அண்ணன் கத்துவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது என்று ரவி உங்களிடம் சொல்லியிருக்கிறார். தோட்டம் முழுவதும் இப்போது அந்த மோட்டாரைப் பற்றித்தான் பேச்சு. பட்டறைக்கு வருகிற ஒருவர், "எமன் மாதிரி மோட்டாருடா, நூலளவு பிசகல" என்று என் முன்னாலேயே வியந்தார். ரவியும் மறுக்கவில்லை. கண் போனவரின் முகத்தில் ஒரு சிறு பெருமையைக் கண்டேன்.

அவர் உங்களிடம் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. மருத்துவமனையில், மாதவி வெளியே போயிருந்தபோது, என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "நான் கேட்டேன், நீங்க செஞ்சீங்க. இதுல உங்க தப்பு என்னண்ணே? உங்க பேர இழுக்க வேணாம். மோட்டாருன்னே சொல்லிட்டேன்."

அவர் கேட்டது இதுதான். வெயில் சரிவில் பாதி தூரம் இறங்கியிருந்தபோது, ஊறிய ஆப்பின் கோணலால், அந்தச் சூரியப் பிறை அவர் பார்வையிலிருந்து நழுவத் தொடங்கியது. இன்னும் சில நொடிகள் விட்டிருந்தால் முழுவதும் வெளியே போயிருக்கும். மேகம் விலகும்போது அவர் கண்முன் வெறும் வானம் இருந்திருக்கும். அந்த மோட்டார், தன் பிழையாலேயே, அவரைக் காப்பாற்றியிருக்கும். அப்போதுதான் அவர் கண்ணை எடுக்காமலே சொன்னார்:

"அண்ணே, ஓடுது. ஓடிருச்சு. கொஞ்சம் நடுவுக்குக் கொண்டாங்க."

ஆறு மாதமாக ஒருவர்கூடச் சொல்லாத சொல். வேறொருவனாக இருந்தால் நடுங்கியிருப்பான். வெயில் எங்கே வந்துவிட்டது என்று பார்த்துப் பதறியிருப்பான். நான் பார்த்தேன், பதறவில்லை. எவ்வளவு அழுத்த வேண்டும் என்று என் விரலுக்குத் தெரிந்திருந்தது. குழாய்க்குள் பார்க்காமலேயே கொண்டுவந்தேன். "வந்துருச்சுண்ணே, அப்படியே இருக்கட்டும்" என்றார். அப்படியே வைத்தேன், வெயில் ஓடையைத் தாண்டி மேட்டில் ஏறி எங்கள் கால்களைத் தொடும்வரை.

ஆகவே 'விபத்து' என்ற சொல்லை நீங்கள் அடிக்கத்தான் வேண்டும். எனக்கு ஆட்சேபம் இல்லை. என்ன தண்டனையோ அதைக் குறையாமல் எழுதுங்கள். வருந்துகிறேன் என்று எழுத வேண்டாம். ஆனால் அந்த மோட்டாரைத் துல்லியமானது என்று மட்டும் எழுதாதீர்கள். அது சூரியனை நழுவவிட்டது. அவர் என்னைத்தான் அழைத்தார், இன்ஸ்பெக்டர். நடுவில் நிறுத்தியவன் நான்.