உண்ணாமலை அம்மாள் தனியாக நின்ற வார்டு

அக்கிராசனர் அவர்களே, டாக்டர் அவர்களே, கண்ணீரோடு கூடியிருக்கும் தாய்மார்களே, பெரியோர்களே!

மேடையில் பேசிப் பழகாதவன் நான். மருந்து கலக்கும் கம்பவுண்டர். ஆனால் நம் நர்ஸம்மா உண்ணாமலை அம்மாள் சாய்ந்தபோது தாங்கிப் பிடித்தவன். அதனால் பேசுகிறேன்.

இளம்பிள்ளை ஊரில் ஒரு நெசவுக் குடும்பத்தில் பிறந்தவர் அவர். நர்ஸ் வேலைக்குப் போனார் என்று உறவினர்கள் அவரை ஒதுக்கி வைத்தார்கள். பிறகு அதே உறவினர்களின் பிரசவங்களைப் பார்த்தது யார்? நம் உண்ணாமலை அம்மாள்!

எத்தனை வசவு வாங்கினார்! டாக்டர் வரத் தாமதமா? வசவு அவருக்கு. கட்டில் இல்லையா? வசவு அவருக்கு. வார்டு முழுவதற்கும் அவர் ஒருவர்தான். நின்றபடியே சாப்பிடுவார். வீங்கிய கால்களைக் கண்டு, “கொஞ்சம் உட்காருங்கம்மா” என்றேன். “உக்காந்தா மறுபடி எந்திரிக்க முடியாதுங்க” என்று சிரித்தார்.

போன வாரம் மேச்சேரிப் பக்கத்து மாதையன் தம் மனைவியைப் பிரசவ வேதனையோடு வண்டியில் கொண்டுவந்தார். டாக்டரோ அயோத்தியாப்பட்டணத்தில் காலராக்காரர்களைப் பார்க்கப் போயிருந்தார். குழந்தை பிறந்தது, மூச்சில்லை. தாய்க்கு உதிரம் நிற்கவில்லை. இரண்டு உயிர்கள், ஒரே ஒருத்தி! போராடிப் பார்த்தார். தாய் போய்விட்டாள். அழக்கூட நேரமின்றிக் குழந்தையின் வாயில் வாய் வைத்து ஊதினார்.

உள்ளே வந்த மாதையன், “எம் பொண்டாட்டியச் சாக உட்டுட்டு இங்க என்னடி பண்ற?” என்று கத்தினார். கைத்தடியால் பின்மண்டையில் அடித்தார்.

ஐயோ, அப்போதும் அந்தக் கைகள் குழந்தையை விடவில்லையே!

சத்தம் கேட்டு மருந்தறையிலிருந்து ஓடி வந்து நான் தாங்கினேன். “புள்ளைய வாங்குங்க… ஊதுங்க, நிறுத்தாதீங்க” என்றார். ஊதினேன். குழந்தை அழுதது. அந்த அழுகை அவர் காதில் விழுந்ததா? எனக்குத் தெரியவில்லையே! அவர் பிறகு கண் திறக்கவேயில்லை.

குழந்தையைக் கண்டதும் மாதையன் தரையில் சரிந்தார். “நர்ஸம்மா எந்திரிச்சிருவாங்களா, சாமி?” என்று என் காலைப் பிடித்தார்.

அவரைச் சட்டம் பார்த்துக்கொள்ளும். ஆனால் இன்னொரு நர்ஸ் வேண்டும் என்று நாங்கள் கெஞ்சியபோது செவிசாய்க்காதவர்களை யார் கேட்பது? நாம் கேட்போம்! கிடைக்கும்வரை ஓயமாட்டோம்!

இதோ, இப்போதும் ஒரு பெண் பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். அவளைப் பார்க்க, உண்ணாமலை அம்மாளுக்குப் பதிலாக வந்த நர்ஸ் கந்தம்மாள் மட்டும் உள்ளே இருக்கிறார். இந்தக் கூட்டம் முடிந்ததும் நான் அந்த வார்டின் வாசலில் அவருக்குக் காவலாகப் போய் நிற்கப்போகிறேன். உங்களில் யாராவது என்னோடு வருகிறீர்களா?